ஊற்றுகிறவனுக்கும் ஒரு கோப்பை

மணல்மேட்டின் உச்சியில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு ஈ காக்காகூட இல்லாத இடத்தில், சஹ்ரான் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஹிலால் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். வாக்கிடாக்கி கரகரத்தது.

"வாத்தியாரே, யாருக்குடா சிக்னல் காட்டுற? ஒட்டகத்துக்கா?"

"பழக்கம்டா" என்றான் சஹ்ரான்.

"பின்னாடி ஒட்டகம் ரொம்ப நேரமா ஹாரன் அடிக்குது. ஓரம் கட்டி வழி விடு."

மூன்று வண்டிகளிலிருந்தும் சிரிப்பு வந்தது. சஹ்ரான் கோபித்துக்கொள்ளவில்லை. மேட்டைச் சரியாகத் தாண்டி இறங்கி, இண்டிகேட்டரை அணைத்தான். அதுவும் பழக்கம்தான்.

ஓமான் நாட்டு இப்ராவில் இன்று வண்டி ஓட்டுகிற ஆட்களில் பாதிப்பேர் சஹ்ரானிடம் கற்றவர்கள். சிவப்புப் பட்டை போட்ட அவனுடைய வெள்ளைக் காரில் பதினாறு வருஷமாக ஊரையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டப் பழக்கியிருக்கிறான். இளமையில் போலீசுக்குப் போக ஆசைப்பட்டான், அரை அங்குலம் உயரம் குறைந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினான். அதற்குப் பிறகுதான் இந்த வாத்தியார் வேலை. யாரையும் அவனுக்குப் பெயரால் நினைவிருக்காது, தப்பால்தான் இருக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கட்டித் தழுவிவிட்டு வந்து, "இவன்தானே கிளட்சிலிருந்து காலையே எடுக்க மாட்டான்" என்பான். அடக்கத்துக்குப் போய்த் திரும்பினால், அத்தனை வண்டி வந்ததே, ஒருத்தனாவது இண்டிகேட்டர் போட்டானா என்று வருத்தப்படுவான். இறந்தவரைப் பற்றிய வருத்தம் அடுத்ததாகத்தான் வரும்.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. இருபத்தைந்தில் ஒரு பேச்சு நடந்தது, பெண் வீட்டார் மஸ்கட்டுக்குக் குடிபெயர்ந்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று. பிறகு அப்பாவின் நோய், பிறகு அம்மாவின் நோய். இரண்டும் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது தாண்டியிருந்தது. எங்கள் ஊரில் நாற்பது தாண்டிய மாப்பிள்ளையை யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை, அவனாகத்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்பது என்பது சஹ்ரானுக்கு வராத வித்தை. தேநீர்க் கடையில் சர்க்கரை குறைவாக இருந்தால்கூட இன்னொரு கரண்டி கேட்க மாட்டான்.

ஆனால் இந்த வெள்ளிக்கிழமை முடிவதற்குள் அவன் ஹிலாலிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஹிலாலின் தங்கை ஸுவைனாவைத் தனக்குக் கட்டிவைக்கும்படி கேட்க வேண்டும்.

ஸுவைனாவுக்கு முப்பத்தெட்டு. பெண்கள் பள்ளியில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கணவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒரே மகள் நிஸ்வாவில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இருபது மாதமாகத் திங்களும் புதனும் மாலையில் சஹ்ரானிடம் வண்டி பழகுகிறாள். பின் இருக்கையில் துணைக்கு அவளுடைய சித்தி ஷம்ஸா வருவாள். வண்டி கிளம்பியதும் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கி, முதல் வளைவு வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

முதல் வாரத்திலேயே சஹ்ரான், "பிரேக் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்து பிரேக்கைத் தானே மிதித்துவிட்டான்.

"நீங்களே போட்டுட்டீங்க. அப்போ நான் எதுக்கு? காலை ஆட்டிட்டு உக்காந்திருக்கவா?" என்றாள் ஸுவைனா.

அன்று இரவு வீட்டில் தனியாகச் சாப்பிடும்போது அதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

எல்லாம் அவளுக்கு வந்தது, ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. இங்கே உரிமம் வாங்க முதலில் டிரம் தேர்வில் தேற வேண்டும். இரண்டு பக்கமும் வரிசையாக டிரம் நிறுத்தியிருப்பார்கள், நடுவில் பின்னோக்கி வந்து ஒன்றையும் தொடாமல் நிறுத்த வேண்டும். நாலு முறை போனாள், நாலு முறையும் ஒரு டிரம்மை இடித்தாள். ஐந்தாவது தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை. ஹிலால் பொறுமை இழந்துவிட்டான். "இந்தத் தடவையும் ஆகலைன்னா ஸினாவ் ஊர்ல ஒரு பொம்பள வாத்தியார் இருக்காங்களாம், அங்க சேத்துடப் போறேன். மனசுல வச்சுக்காதடா" என்று போன வாரம்தான் சொன்னான்.

ஆக, தேறிவிட்டால் பாடம் முடிந்தது. தேறாவிட்டாலும் பாடம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஸுவைனாவின் பக்கத்தில் உட்கார அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

பெண் கேட்க வீட்டுப் பெண்களை அனுப்புவதுதான் முறை. அவன் வீட்டில் பெண்ணே இல்லை. இருக்கிற ஒரே அக்காவும் வெகுதூரத்தில், ஸலாலாவில், மூட்டு வலியோடு இருக்கிறாள். வாய் திறந்து கேட்க அவனுக்கு வராது. ஆனால் வாய் வராதவர்களுக்கென்றே எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்க வந்தவன் தனக்கு ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட வேண்டும். விருந்தளிப்பவருக்குப் புரிந்துவிடும். என்ன வேண்டும் என்று அவரே கேட்பார். "குடி, அது உனக்குத்தான்" என்று அவர் சொல்லும்வரை இவன் கோப்பையைத் தொட மாட்டான். குடிக்காத காபியோடு விருந்தாளியை அனுப்புவது பெரிய அவமானம் என்பதால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும்.

பாலைவனத்தில் கூடாரம் ஹிலாலுடையது, பாய் அவனுடையது, ஆடும் அவனுடையது. எனவே விருந்தளிப்பவன் அவன்தான். ஒரே ஒரு சிக்கல். பதினைந்து குளிர்காலமாக இந்த நண்பர்கள் நால்வரும் மணலுக்கு வருகிறார்கள், பதினைந்து குளிர்காலமாகக் காபி ஊற்றுகிறவன் சஹ்ரான். அவன் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. ஊற்றுகிறவன் உட்காரக் கூடாது. எல்லோரும் போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டிய பிறகு, கூஜாவை இடக்கையில் பிடித்தபடி நின்றவாக்கில் ஒரு வாய் குடித்துக்கொள்வான். நிற்கிறவன் எப்படிக் கோப்பையைக் கீழே வைப்பான்?

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டினார்கள். மூட்டியது பத்ர். முஸல்லம் தீயணைப்புத் துறையில் இருக்கிறான், அவனுக்கு அணைக்கத்தான் தெரியும், மூட்டத் தெரியாது என்பது இவர்களுக்குள் பழைய கிண்டல். பத்ர் வங்கியில் வேலை. போன மாதம் வாங்கிய புது வண்டியோடு வந்திருந்தான், அதை எங்கே நிறுத்தினாலும் நாலு முறை போய்த் துடைத்துவிட்டு வருவான்.

காபி கொதித்து இறங்கியது. ஏலக்காய் வாசனை எழுந்தது. சஹ்ரான் மெதுவாக ஆரம்பித்தான்.

"பத்ர், இன்னைக்கு நீ ஊத்தேன். எனக்கு மணிக்கட்டு வலிக்குது."

"நானா?" பத்ருக்குப் பெருமை தாங்கவில்லை. கூஜாவை எடுத்து ஹிலாலின் கோப்பையில் விளிம்பு தொட ஊற்றினான்.

கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த ஹிலால் மெல்ல நிமிர்ந்தான். "பத்ர், நான் உனக்கு என்னடா துரோகம் பண்ணினேன்?"

"ஏன், என்ன ஆச்சு?"

"முழுசா ஊத்திக் குடுத்தா என்ன அர்த்தம்? குடிச்சிட்டு எந்திரிச்சுப் போடான்னு அர்த்தம். என் கூடாரத்திலிருந்து என்னையே தொரத்துற!"

"பேங்குல கத்துக்கிட்டது போல" என்றான் முஸல்லம். "அங்க போனா அப்படித்தான் தொரத்துறானுங்க."

"வாத்தியாரே, வலிச்சாலும் பரவாயில்ல, நீயே ஊத்து. மானம் முக்கியம்" என்று ஹிலால் கூஜாவைப் பிடுங்கி சஹ்ரானின் கையில் திணித்தான்.

சஹ்ரான் நின்றான், ஊற்றினான், நின்றபடியே குடித்தான். அன்றைக்கு அவ்வளவுதான்.

படுத்ததும் ஒரு யோசனை வந்தது. காலையில் எழுந்து வலக்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். காபி இறக்கும்போது சுட்டுவிட்டது என்றான். வலக்கையால்தான் கோப்பையைக் கொடுக்க வேண்டும், அந்தக் கையே கட்டுப்போட்டிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? பத்ரை நம்ப ஆளில்லை. எதிர்பார்த்தபடியே ஹிலால், "சரி, உக்காரு. இன்னைக்கு நானே ஊத்துறேன்" என்று எழுந்தான்.

பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகச் சஹ்ரான் காபி நேரத்தில் பாயில் உட்கார்ந்தான். வலப்பக்கத்திலிருந்துதான் ஊற்றத் தொடங்க வேண்டும். வலப்பக்கம் முஸல்லம், அடுத்து பத்ர், கடைசியில் சஹ்ரான். இன்னும் இரண்டே கோப்பை.

ஹிலால் முஸல்லமுக்கு ஊற்றினான். முஸல்லம் வாங்கினான். ஹிலாலைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான். வாய் காதுவரை விரிந்தது. கோப்பையைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்தான்.

"டேய்!" என்றான் ஹிலால்.

"வச்சாச்சு" என்றான் முஸல்லம்.

"விளையாடாத. எடுத்துக் குடி."

"விருந்தாளி கோப்பையைக் கீழ வச்சிருக்கான். என்ன வேணும்னு கேக்குறதுதான் மரியாதை."

ஹிலால் பல்லைக் கடித்தான். "என்ன வேணும்?"

"உன் காத்தடிக்கிற கம்ப்ரஸர். மூணு வருஷமா அது மேல கண்ணுடா எனக்கு. நீ எப்பவும் உக்காந்தே இருப்ப, ஊத்துறது வாத்தியார். ஊத்துறவன்கிட்ட என்னத்தக் கேக்குறது? இன்னைக்குத்தான் வசமா மாட்டின."

பத்ர் பாயில் உருண்டு சிரித்தான். வழக்கம் வழக்கம்தான். ஹிலால் எழுந்து போய், தன் வண்டியிலிருந்த கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்து முஸல்லமின் காலடியில் வைத்தான். "குடி. உன் தலையில போடாம குடுக்குறேனேன்னு சந்தோஷப்படு" என்றான். பிறகு எல்லோரையும் சுற்றிப் பார்த்து விரலை நீட்டினான். "கேட்டுக்குங்க. இதுக்கு மேல இந்தக் கூடாரத்துல எவனாவது கோப்பையைக் கீழ வச்சா, அந்தக் காபியை எடுத்து அவன் தலையிலயே கவுத்திருவேன். சத்தியம்."

அடுத்து பத்ருக்கு ஊற்றினான், அடுத்து சஹ்ரானுக்கு. சஹ்ரான் கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டான். நாக்கு வெந்துபோயிற்று.

தொழுகை முடித்து, தெற்கே இன்னும் உயரமான மேடுகளுக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள். கால் மணி நேரத்தில் பத்ரின் புது வண்டி வயிறுவரை மணலில் புதைந்தது. இறங்கிப் பார்த்தால், நாலு டயரும் தார்ச் சாலையில் ஓடுகிற மாதிரி விறைப்பாக நின்றன. மணலுக்குள் இறங்கும் முன் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"ஏன்டா குறைக்கல?"

"புது டயர். காத்தத் தொறந்து விட மனசு வரல" என்றான் பத்ர்.

"இப்போ வண்டியே உள்ள போகுதே, அதுக்கு மனசு வந்துச்சா?"

மண்வெட்டியை எடுத்தார்கள். சஹ்ரானும் குனிந்து தோண்ட ஆரம்பித்தான். நாலு வாரு வாரியதும் முஸல்லம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "காயத்தோட தோண்டாத. காட்டு, நான் பாக்குறேன். தீக்காயம் என் தொழில்டா." சஹ்ரான் கையை இழுப்பதற்குள் துண்டு அவிழ்ந்துவிட்டது. உள்ளே கை பளபளவென்று இருந்தது. முஸல்லம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"வாத்தியாரே, இது எந்த ஊர்த் தீக்காயம்?"

"ஆறிடுச்சு போல."

"ரெண்டு மணி நேரத்துலயா? இந்த மருந்து எனக்கும் வேணும். ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுடறேன்."

முஸல்லம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நேற்று மணிக்கட்டு, இன்று தீக்காயம். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஹிலால் இழுவைக் கயிற்றோடு வந்துவிட்டான். பத்ரின் வண்டிக்குப் பின்னால் இரண்டு வன்னி மரங்கள் நின்றன. அந்த இடுக்கில் ரிவர்ஸில் வந்தால்தான் கயிறு எட்டும். ஹிலால் முதல் முறை வலப்பக்க மரத்தில் உரசினான், இரண்டாம் முறை இடப்பக்க மரத்தில். மூன்றாம் முறை இறங்கி நின்று மரத்தைத் திட்டினான்.

"ஸுவைனாவா இருந்தா ஒரே வீச்சுல வந்து நிப்பா" என்றான்.

சஹ்ரானின் மண்வெட்டி நின்றது. "யாரு?"

"என் தங்கச்சிதான், வேற யாரு? என் தீவனக் கடை முற்றத்துல பிக்கப்பை எடுத்து, பின்னாடி டிரெய்லரோட, ரெண்டு தண்ணித் தொட்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல கொண்டு போய் விடறா. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். என் கடைப் பையன்களுக்கே வராது."

"எப்போலேர்ந்து?"

"ரமலானுக்கு முன்னாடிலேர்ந்து. அதான் எனக்குப் புரியல. வீட்டுல இப்படி ஓட்டுறவ, தேர்வுல மட்டும் எப்படிடா டிரம்மை இடிக்கிறா? பயம் போல. நீயும் கொஞ்சம் மெரட்டாம சொல்லிக் குடு."

ரமலானுக்குப் பிறகு இரண்டு தேர்வு நடந்திருந்தது. சஹ்ரான் மணலில் உட்கார்ந்துவிட்டான். யோசித்துப் பார்த்தான். அவள் இடித்தது எப்போதும் ஒரே டிரம், இடது வரிசையில் கடைசி. டமாலென்று மோதவும் மாட்டாள், பக்குவமாகத் தொட்டுச் சாய்ப்பாள். தொட்டுவிட்டு, "அடடா" என்பாள். அந்த அடடாவில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அவன் அதைக் குறிப்பேட்டில் 'இடது பக்கக் கணிப்பு போதாது' என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. பதினாறு வருஷம் வாத்தியாராக இருப்பவனை ஒரு பெண் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறாள். ஒரு சாண் இடைவெளியில் டிரெய்லர் விடத் தெரிந்தவளுக்கு அவன் இத்தனை மாதம் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுத் தந்திருக்கிறான். பிறகு, அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்ற கேள்வி மெல்ல உள்ளே இறங்கியது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும். சஹ்ரான் அந்தப் பதிலை நினைத்துப் பார்த்தான். இவ்வளவு சந்தோஷம் தனக்கு வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவே இல்லை.

"வாத்தியார் வெயில்ல சிரிக்கிறாருடா. தலையில தண்ணி ஊத்துங்க" என்றான் பத்ர்.

வண்டியை மேலே இழுத்துப் போட்டுக் கூடாரத்துக்குத் திரும்பியபோது அஸர் என்னும் பிற்பகல் தொழுகை வேளை ஆகியிருந்தது. தொழுதார்கள். சஹ்ரான் கையில் துண்டில்லாமல், மணிக்கட்டு வலியில்லாமல் காபி போட்டான். ஹிலாலுக்கு ஊற்றினான், முஸல்லமுக்கு, பத்ருக்கு. அவர்கள் கோப்பையை ஆட்டுவதற்கு முன்பே தனக்கும் ஒன்று ஊற்றினான். கூஜாவை மணலில் வைத்துவிட்டு ஹிலாலுக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தான். கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். ஊற்றுகிறவன் உட்கார்ந்ததை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"தலையில கவுப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான் ஹிலால்.

"கவுத்துக்கோ. ஆனா முதல்ல கேளு."

"கம்ப்ரஸர் போயாச்சு. வேற என்னடா இருக்கு எங்கிட்ட? ஆடா? அதையும் தின்னாச்சு."

சஹ்ரான் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலையில் வெந்த நாக்கு இன்னும் எரிந்தது. "அல்லாஹ்வோட பேராலயும் அவனோட ரசூலோட வழிமுறைப்படியும்…" என்று தொடங்கியதுமே பத்ர் தன் கோப்பையைக் கீழே இறக்கினான். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். "உன் தங்கச்சி ஸுவைனாவை எனக்குக் கட்டிக் குடுன்னு கேக்குறேன்."

ஹிலால் சிரிக்கவில்லை. அவன் முகத்திலிருந்த விளையாட்டு மறைந்துவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து."

"என் தங்கச்சியை உன்னை நம்பி இருபது மாசம் வண்டியில அனுப்பினேன்."

"சித்தி கூடவே இருந்தாங்க."

"சித்தி தூங்கிருவா! அது ஊருக்கே தெரியும்."

"தூங்கினாங்க" என்று ஒப்புக்கொண்டான் சஹ்ரான். "ஆனா ஹிலால், நான் ரோட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்ககிட்டயும் இதைச் சொன்னதில்ல. உங்கிட்டதான் முதல்ல கேக்கணும்னு இருந்தேன். நீ இல்லைன்னு சொன்னா, ஞாயித்துக்கிழமை தேர்வுக்கு நான் வரல, வேற ஆளை அனுப்பிடறேன். எப்பவும் போல உனக்குக் காபி ஊத்துவேன். ஆனா கேக்காம இருந்திருந்தா, என்னை நானே மன்னிச்சிருக்க மாட்டேன்."

டிரம் விஷயத்தை அவன் சொல்லவில்லை. அது ஸுவைனாவின் ரகசியம்.

ஹிலால் தன் கோப்பையைக் காலி செய்தான். பிறகு எழுந்தான். "கம்ப்ரஸர் கேட்டான், தூக்கிக் குடுத்தேன். இது என் கையில இருக்கிற சாமான் இல்ல. அவகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு மேட்டின் மேல் ஏறத் தொடங்கினான். கீழே சிக்னல் கிடையாது.

முஸல்லம் தன் தொப்பியைக் கழற்றி, ஈ மொய்க்காமல் கோப்பையின் மேல் கவிழ்த்தான். "நீ தொடாத. தொட்டா செல்லாது" என்றான். சஹ்ரான் தொடவில்லை. மூவரும் மேட்டையே பார்த்தார்கள். ஹிலால் உச்சியில் நின்று பேசுவது தெரிந்தது, சொல் ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு கையை வீசினான்.

"திட்டுறான்" என்றான் பத்ர்.

"ஈ ஓட்டுறான்" என்றான் முஸல்லம்.

ஹிலால் நடந்தான், திரும்பினான். காதிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சிவப்புப் பட்டைக் காரில் இனி எப்படி ஏறி உட்காருவது என்று சஹ்ரான் நினைத்தான். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் ஹிலால் எழுந்து, சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் பாயில் உட்கார்ந்தான்.

எங்கள் பக்கத்தில் வெளியிலிருந்து வந்தவனிடம் செய்தி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. செய்தி உண்டா என்று கேட்க வேண்டும், அவன் இல்லை என்று சொல்ல வேண்டும். வீடே இடிந்து விழுந்திருந்தாலும் முதலில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஹிலால் வேண்டுமென்றே காத்திருந்தான். முஸல்லமுக்கு வேறு வழியில்லை.

"செய்தி உண்டா?"

"செய்தி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லபடி."

"விசேஷம் ஏதாவது?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. நீங்கல்லாம் நல்லா இருக்கீங்களா? ஊர்ல மழை உண்டா?"

"ஹிலால்!" என்று அலறினான் சஹ்ரான்.

ஹிலால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் அவன் கண்கள் சிவந்திருப்பது தெரிந்தது. "விஷயத்தைச் சொன்னேன். முதல்ல நம்பல. அவராவே கேட்டாரா, இல்ல நீங்கல்லாம் சேந்து கேக்க வச்சீங்களான்னு கேட்டா. அவனாவே கோப்பையைக் கீழ வச்சான்னு சொன்னேன். அப்புறம் சத்தமே இல்ல. சிக்னல் போயிருச்சுன்னு நினைச்சேன். போகல, அழுதுட்டிருந்தா. அவ அழுது நான் கேட்டதே இல்லடா. புருஷன் அடக்கத்தன்னைக்குக்கூட அழாதவ."

பத்ர் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினான்.

"அப்புறம் சிரிச்சா. உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா, எனக்கு ஒரு எழவும் புரியல. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பாஸ் ஆயிடறேன்னு சொல்லுன்னா. நாலு தடவை முடியாதவ இப்ப எப்படிடா இவ்வளவு உறுதியா சொல்றா?"

சஹ்ரானுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஹிலால் தொப்பியை எடுத்தான். அதன் அடியிலிருந்த கோப்பையை வலக்கையால் எடுத்து அவனிடம் நீட்டினான்.

"ஆறிப்போச்சு" என்றான். "பரவாயில்ல, குடிங்க மச்சான்."

சஹ்ரான் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தான்.